காரண்டிச் சீட்டு இல்லாத துப்பாக்கி

பூந்தமல்லிக் கடைவீதியில் ஒரு மின்விசிறி வாங்கப் போகிறவர்களைப் பாருங்கள். கடைக்காரர் முதலில் அதைச் சுழல விட்டுக் காட்டுகிறார். பிறகு பெட்டிக்குள் வைத்துக் கயிறு கட்டுகிறார். கடைசியாக ஒரு காரண்டிச் சீட்டை எடுத்து, தேதி எழுதி, முத்திரை குத்தி, "பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கையில் கொடுக்கிறார். அந்தச் சீட்டுக்குப் பெரிய மகிமை உண்டு. விசிறி ஒரு நாள் முனகிக்கொண்டு நின்று போனால், குடும்பத் தலைவர் விசிறியைப் பார்ப்பதில்லை. சீட்டைத் தான் தேடுகிறார்.

விசிறி நின்றால் வியர்க்கும், அவ்வளவுதான். ஆனால் வேண்டிய நேரத்தில் நின்று போகும் பொருள் ஒரு துப்பாக்கியாக இருந்தால் என்ன ஆகும்? அதற்குக் காரண்டிச் சீட்டு யார் கொடுக்கிறார்கள்? அதை யாரிடம் கொண்டு போய்க் காட்டுவது? இந்த வாரம் இதைப் பற்றிச் சிறிது ஆராய எண்ணுகிறோம்.

"பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குத் துப்பாக்கி விசாரம் எதற்கு?" என்று நேயர்கள் கேட்கலாம். அதிலும், காஞ்சி வரதனுக்கு விசிறிக் கைங்கரியம் செய்த திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் எங்கள் ஊர். இங்கிருந்து விசிறியைப் பற்றி எழுதினால் பொருத்தமாயிருக்கும்! ஆனால் இதே பூந்தமல்லி, ஆங்கிலேயர் காலத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் தங்கியிருந்த ராணுவ ஸ்தலமாகவும் இருந்தது. இன்று எங்களுக்கு வடக்கே சிறிது தூரத்தில் ஆவடி இருக்கிறது. 1961-இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை அங்கேதான் டாங்கிகள் செய்கிறது. சிப்பாய்களுக்கு உடை தைக்கும் தொழிற்சாலையும் அங்கே உண்டு. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முகாமும், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகளும் உண்டு. எங்கள் வகுப்பில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்த பையன்கள் சிலர் இன்று தோளில் துப்பாக்கியுடன் எங்கோ காட்டிலும் மலையிலும் நிற்கிறார்கள். ஆகையால் அந்தத் துப்பாக்கி சுடுமா சுடாதா என்பது எங்களுக்கும் சம்பந்தமுள்ள விஷயந்தான்.

★

முதலில், லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் சாமானிய பிரஜையின் நிலைமையைப் பார்த்து விடுவோம்.

1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்தியன் கையில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி இருக்கக் கூடாது என்றது. வெள்ளையருக்கு மட்டும் விலக்கு அளித்தது. அந்த அவமானத்தைப் பற்றி நம் தேசத் தலைவர்கள் பேசாத மேடையில்லை. சுதந்திரம் வந்த பின், 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் பிறந்தது. நிறத்தைப் பார்த்து விலக்கு அளிக்கும் வழக்கம் ஒழிந்தது. லைசென்ஸ் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக நின்றது. அது நியாயமே.

இந்தச் சட்டத்தின்படி துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்குங்கூட லைசென்ஸ் வேண்டும். ஆகவே, விசை இறுகிப் போயிற்று என்று தெருக்கோடிப் பட்டறையில் கொடுத்துத் தட்டச் சொல்ல முடியாது. சொன்னால் தட்டியவரும் குற்றவாளி, தட்டச் சொன்னவரும் குற்றவாளி. ஆனால் சட்டம் இரக்கமற்றதன்று. லைசென்ஸ்காரர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தின் பேரில் மற்றொருவர் அந்தத் துப்பாக்கியைப் பழுது பார்க்க எடுத்துச் செல்லலாம் என்று மூன்றாவது பிரிவிலேயே இடம் வைத்திருக்கிறது. இந்தச் சலுகை இருப்பதை அறியாமலே பலர் பழுதான ஆயுதத்தை அலமாரியில் பூட்டி வைத்து விடுகிறார்கள். பழுதான துப்பாக்கி பேசாமலிருக்கும் என்று எண்ணக் கூடாது. சுட வேண்டியபோது சுடாதது எவ்வளவு ஆபத்தோ, சுட வேண்டாதபோது சுடுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

வாங்கிய பொருளில் குற்றம் இருந்தால் கேட்கும் உரிமையை 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குக் கொடுத்தது. அதன் இடத்தில் 2019-இல் இயற்றப்பட்டு 2020-இல் அமலுக்கு வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பொருளால் தீங்கு நேர்ந்தால் அதைச் செய்தவர் எந்தெந்தக் காரணங்களுக்காகப் பொறுப்பாளி என்று அது எண்ணிச் சொல்கிறது. செய்யும்போது நேர்ந்த குற்றம். அமைப்பிலேயே உள்ள குற்றம். குறித்த அளவுகளிலிருந்து வழுவிய குற்றம். கொடுத்த காரண்டிக்கு மாறான குற்றம். ஐந்தாவதாக, சரியாக உபயோகிக்கும் முறையைப் போதிய அளவில் சொல்லித் தராத குற்றம். இந்த ஐந்தாவது குற்றத்தை நேயர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் அது வேலைக்கு வரும்.

★

பிரஜையின் கதை இவ்வளவுதான். அவருக்குச் சீட்டு உண்டு, கோர்ட்டு உண்டு, கடிதம் எழுத நேரமும் உண்டு. சிப்பாய்க்கு இவை எவையும் இல்லை. துப்பாக்கியை வாங்குகிறவர் டில்லியில் இருக்கிறார். செய்கிறவர் வேறோர் ஊரில் இருக்கிறார். அதை நம்பி நிற்பவன் மாத்திரம் எல்லையில் இருக்கிறான்.

நம் தேசத்தில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1857-ஆம் வருஷத் தொடக்கத்தில் டம்டம்மிலும் பாரக்பூரிலும் இருந்த சிப்பாய்கள், புதிய என்பீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் பசுவின் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாகச் சந்தேகப்பட்டார்கள். அந்தத் தோட்டாவைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். கும்பினி அதிகாரிகள் முறையீட்டின் ஆழத்தைக் காலத்தில் உணரவில்லை. 'வேண்டிய மெழுகை நீங்களே தடவிக்கொள்ளலாம், கையால் கிழிக்கலாம்' என்ற சமாதானங்கள் வந்தபோது நம்பிக்கை போய்விட்டது. பின்னால் நடந்தது சரித்திரம். அந்தப் பெருங் கிளர்ச்சிக்கு வேறு பல ஆழ்ந்த காரணங்கள் உண்டென்பது வாஸ்தவம். ஆனால் தன் கையில் கொடுத்த ஆயுதத்தைப் பற்றிச் சிப்பாய் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாத சர்க்கார் எதை இழக்கும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

அந்தப் பாரக்பூருக்கு அருகிலேயே இஷாப்பூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1904 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை நடந்து வருகிறது. சுதந்திர இந்தியா தன் சொந்த முயற்சியால் அமைத்த 'இன்ஸாஸ்' என்ற துப்பாக்கி அங்கும், கான்பூரிலும், 1966-இல் நிறுவப்பட்ட நமது திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டது. புனேயிலுள்ள ஆயுத ஆராய்ச்சி நிலையம் அதை அமைத்தது. 1990-களின் பிற்பகுதியில் அது சேனைக்குள் வந்தபோது, தேசாபிமானிகள் எல்லோரும் மகிழ்ந்தார்கள். மகிழ்ந்தது தவறன்று.

இந்த வகைத் துப்பாக்கி வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். தோட்டா வெடித்ததும் உண்டாகும் வாயுவில் ஒரு சிறு பகுதி, குழலிலுள்ள துவாரத்தின் வழியே புகுந்து ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்த வேகத்தில் வெற்றுத் தோட்டா வெளியே எறியப்படுகிறது. பிறகு வில் அந்தத் தண்டை முன்னுக்குத் தள்ள, மாகஸின் என்னும் தோட்டாக் கூட்டிலிருந்து புதிய தோட்டா ஒன்று உள்ளே ஏறுகிறது. இவ்வளவும் கண்மூடித் திறப்பதற்குள் நடக்க வேண்டும். அழுக்கு, மணல், கடுங்குளிர், கொதிக்கும் சூடு, சரியில்லாத மருந்து ஆகியவற்றில் எது குறுக்கிட்டாலும் யந்திரம் மூச்சடைத்து நின்று விடும்.

1999-இல் கார்கில் மலைகளில், 16,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் யுத்தம் நடந்தது. அந்தக் குளிரில் இன்ஸாஸின் பிளாஸ்டிக் தோட்டாக் கூடுகள் விரிசல் விட்டதாகப் புகார்கள் வந்தன. மூன்று மூன்று குண்டாகச் சுட வேண்டிய நிலையில் வைத்திருந்தும் துப்பாக்கி நிற்காமல் சுட்டதாகவும், எண்ணெய் தெறித்து முகத்தில் பட்டதாகவும் சொல்லப்பட்டது. ஜவான்கள் அவ்வளவையும் சகித்துக்கொண்டு சிகரங்களை மீட்டார்கள் என்பது அவர்களுடைய பெருமை, துப்பாக்கியின் பெருமையன்று. பின்னர் குறைகள் சில களையப்பட்டு, திருத்திய வடிவங்கள் வெளிவந்தன என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

அதற்குள் அந்தத் துப்பாக்கி தேச எல்லையையும் தாண்டி விட்டது. நம் சர்க்கார் நேபாள ராஜ்யத்துக்கு ஆயிரக்கணக்கில் இன்ஸாஸ் துப்பாக்கிகளைச் சலுகை விலையில் கொடுத்திருந்தது. 2005 ஆகஸ்டில் காலிகோட் ஜில்லாவில் மாவோயிஸ்டுகள் நேபாள சேனையின் முகாம் ஒன்றைத் தாக்கினார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட சிப்பாய்கள் மாண்டார்கள். நீண்ட நேரம் நடந்த அந்தச் சண்டையில் இந்தியத் துப்பாக்கிகள் சரியாக வேலை செய்யவில்லை என்று நேபாள சேனையின் சார்பில் பகிரங்கமாகக் குற்றம் சாட்டப்பட்டது. காட்மாண்டுவில் இருந்த நம் ஸ்தானிகர் காரியாலயம் என்ன பதில் சொல்லிற்று? உபயோகித்த முறை சரியில்லாமல் இருந்திருக்கலாம் என்றது. முறையாக உபயோகிக்கக் கற்றுக் கொடுக்கவும் முன்வந்தது.

இந்தப் பதிலைப் படித்தபோது நமக்கு நன்றாகப் பழக்கமான ஒரு குரல் காதில் விழுந்தது. "சார், வோல்டேஜ் சரியில்லை, நீங்கள் உபயோகித்த விதம் சரியில்லை, இது காரண்டியில் வராது!" விசிறி விஷயத்தில் அந்தக் குரலைக் கேட்டு நாம் சிரித்துக்கொண்டு வீடு திரும்பலாம். நாற்பதுக்கு மேற்பட்ட தாய்மார்களிடம் அதைச் சொல்ல முடியுமா?

சூடேறிய துப்பாக்கியா, பராமரிப்பா, தோட்டாவா, பயிற்சியா, எது காரணம் என்று இங்கே உட்கார்ந்து நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பரீட்சையில் பையன் தவறினால், பையன் படிக்கவில்லையா, வாத்தியார் சொல்லித் தரவில்லையா, கேள்வித்தாளே பிழையா என்று மூன்றையும் விசாரிக்க வேண்டும். விசாரிப்பதற்கு முன்பே "பையன் மக்கு" என்று எழுதி விடுகிற உபாத்தியாயர் உபாத்தியாயரே அல்லர். அவ்வளவுதான் நாம் சொல்வது.

★

இது நமக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டமோ என்று யாரும் வருந்த வேண்டாம். மேல்நாட்டார் இந்தக் கோயிலுக்கு நம்மைவிட முன்னாலேயே மொட்டை போட்டவர்கள்.

கனடா தேசத்தில் ஸர் சார்லஸ் ராஸ் என்பவர் செய்த துப்பாக்கி, குறி பார்த்துச் சுடும் பந்தயங்களில் பெயர் பெற்றது. முதல் உலக யுத்தத்தில் கனடாவின் சிப்பாய்கள் அதையே சுமந்து சென்றார்கள். 1915 ஏப்ரலில் ஈப்ர் போர்க்களத்துச் சேற்றில் அது இறுகிக்கொண்டது. பூட்டைக் காலால் உதைத்துத் திறக்க வேண்டியிருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அதை வீசி எறிந்துவிட்டு, மாண்டு கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ-என்பீல்டுகளை எடுத்துக்கொண்டார்கள். அப்படியும் கனடாவின் யுத்த மந்திரி ஸாம் ஹியூஸ், சுதேசித் துப்பாக்கியின் மானத்தைக் காப்பதாக எண்ணிப் பிடிவாதமாக வாதாடினார். 1916-இல் துப்பாக்கியும் விலகிற்று, மந்திரியும் விலகினார்.

அமெரிக்காவின் கதை இன்னும் ருசிகரமானது. வியட்நாமுக்கு அனுப்பிய எம்-16 துப்பாக்கி சண்டையின் நடுவே அடைத்துக்கொண்டது. சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பத்திரிகைகளில் வந்தன. 1967-இல் அந்நாட்டுச் சட்டசபைக் குழு ஒன்று, ஐகார்டு என்பவர் தலைமையில் விசாரித்தது. துப்பாக்கி ஒரு மருந்துக்காக அமைக்கப்பட்டிருக்க, தோட்டாவில் வேறு மருந்து போட்டு அனுப்பியிருந்தார்கள். துரு ஏறாமல் காக்கும் குரோமியப் பூச்சு தோட்டா அறைக்குப் போடவில்லை. அதைத் துடைப்பதற்கு வேண்டிய சாமான்களும் போதியபடி கொடுக்கவில்லை. 'இதற்குத் துடைப்பே வேண்டாம்' என்ற நம்பிக்கையும் பரவியிருந்தது! ஆக, சிப்பாய் துடைக்கவில்லை என்பது மெய். ஆனால் துடைக்காதது சிப்பாயின் குற்றமன்று. நேயர்கள் அந்த ஐந்தாவது குற்றத்தை இப்போது நினைவுகூரலாம். பிறகு குழாயின் அறைக்குப் பூச்சு வந்தது. துடைக்கும் சாமான் வந்தது. அதோடு பிரபல சித்திரக்காரர் வில் ஐஸ்னரைக் கொண்டு, படக்கதை வடிவில் ஒரு பராமரிப்புப் புத்தகமும் போட்டுக் கொடுத்தார்கள். படம் போட்டுச் சொன்னால் பெரியவர்களுக்கும் புரியும் என்பதைச் சித்திரப் பத்திரிகை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டனும் தப்பவில்லை. 1985-இல் சேனைக்கு வந்த அவர்களுடைய எஸ்.ஏ.80 துப்பாக்கி பாலைவன மணலில் மானத்தை வாங்கிற்று. கடைசியில் 2000 முதல் ஒரு ஜெர்மானியக் கம்பெனியின் கையில் கொடுத்துத் திருத்தச் செய்தார்கள். செலவு ஏறத்தாழ 9 கோடியே 20 லட்சம் பவுன். வெட்கத்தை விழுங்கினார்கள், துப்பாக்கி சரியாயிற்று. அதே துப்பாக்கி அதன் பின் பல ஆண்டுகள் உழைத்தது.

★

இனி நம் விஷயத்துக்கு வருவோம். காரண்டி என்பது இருவருக்கிடையே நடக்கும் ஒப்பந்தம். வாங்குகிறவர் ஒருவர், விற்கிறவர் ஒருவர். இருவரும் ஒருவரே ஆகிவிட்டால் காரண்டி யாருக்கு யார் கொடுப்பது? 2021 வரையில் நம் நாட்டில் அந்த நிலைமைதான் இருந்தது. துப்பாக்கியை வாங்கியது பாதுகாப்பு மந்திரி இலாகா. செய்து கொடுத்த தொழிற்சாலைகள் அதே இலாகாவின் கிளை. நன்றாயிருக்கிறது என்று பரிசோதித்து முத்திரை வைத்த ஸ்தாபனமும் அதே இலாகாவைச் சேர்ந்தது. மாமியாரும் மருமகளும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்தால், உடைந்த பானைக்கு யார் பொறுப்பு என்று கண்டுபிடிப்பது கஷ்டம் அல்லவா?

2021 அக்டோபர் 1-ஆம் தேதி அந்தப் பழைய ஏற்பாடு கலைக்கப்பட்டது. தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தன. திருச்சி, இஷாப்பூர், கான்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலைகள் கான்பூரைத் தலைமை இடமாகக் கொண்ட ஒரு கம்பெனியில் சேர்ந்தன. எங்கள் ஆவடி டாங்கித் தொழிற்சாலை, ஆவடியையே தலைமை இடமாகக் கொண்ட வேறொரு கம்பெனியின் கீழ் வந்தது. எல்லாம் சர்க்காருக்கே சொந்தம் என்றாலும், சமையற்கட்டும் கூடமும் தனித்தனியாகி விட்டன. இதனால் தொழிலாளர்களுக்கு நியாயமான கவலைகள் உண்டு. அவற்றைத் தனியே பேச வேண்டும். ஆனால் ஒரு நன்மை விளையக்கூடும்: இன்ன கம்பெனி செய்தது, இன்ன குறை கண்டது, இத்தனை நாளில் திருத்தித் தர வேண்டும் என்று சேனை இனிக் கறாராகக் கேட்கலாம். கேட்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்கிடையில், 2019-இல் 72,400 துப்பாக்கிகள் அமெரிக்கக் கம்பெனியிடமிருந்து வாங்க ஏற்பாடாயிற்று. ருஷ்யாவின் உதவியுடன் அமேதியை அடுத்த கோர்வாவில் ஏ.கே.203 துப்பாக்கியை ஆறு லட்சத்துக்கு மேல் செய்யவும் ஒப்பந்தமாயிற்று. அந்நியச் சாமானை வாங்குவதற்கு எதிராகச் சிலர் கோபிக்கிறார்கள். கோபம் நியாயமே, ஆனால் அதை எங்கே திருப்புவது என்பதில் நிதானம் வேண்டும்.

சுதேசி என்பது உள்ளூர்ச் சரக்கின் குற்றத்தை மூடி மறைக்கும் விரதமன்று. கதர் இயக்கத்தின் காலத்தில் நூல் முறுக்கு சரியில்லை, அகலம் போதவில்லை என்று தொண்டர்களே குறை சொன்னார்கள். சொன்னதனால் கதர் திருந்திற்று. 'நம்முடையது, ஆகையால் குறை சொல்லாதே' என்பவர் சுதேசிக்கு நண்பரல்லர். 'நம்முடையது, ஆகையால் குறையைச் சொல்லித் திருத்து' என்பவரே நண்பர். ஸாம் ஹியூஸின் பிடிவாதம் கனடாவின் துப்பாக்கியைக் காப்பாற்றவில்லை. பிரிட்டிஷார் விழுங்கிய வெட்கம் அவர்கள் துப்பாக்கியைக் காப்பாற்றிற்று. இரண்டில் எது தேசாபிமானம்?

செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஒவ்வொரு துப்பாக்கியின் எண், தோட்டாவின் தொகுதி எண், சுட்ட கணக்கு, அன்றைய வெயிலும் குளிரும், பழுது நேர்ந்த விதம் ஆகியவை ஒரு புத்தகத்தில் ஏற வேண்டும். அந்தப் புத்தகம் ஜவான் கையிலிருந்து தொழிற்சாலைக்குப் போக வேண்டும். வழியில் எந்த மேஜையிலும் தூங்கக் கூடாது. தொழிற்சாலையின் பதில், புகார் சொன்னவனுக்கே திரும்ப வர வேண்டும். துப்பாக்கியை அமைக்கும் என்ஜினீயர்கள் வருஷத்தில் சில நாட்களாவது பனியிலும் மணலிலும் ஜவானோடு நின்று அதைச் சுட்டுப் பார்க்க வேண்டும். புகார் சொன்ன ஜவானை 'ஒழுங்கு தவறியவன்' என்று குறித்து வைக்கும் வழக்கம் எந்த மூலையில் இருந்தாலும் ஒழிய வேண்டும்.

ஜவான் தன் சம்பளத்திலிருந்து துப்பாக்கி வாங்கவில்லை. நாம் கொடுக்கும் வரியிலிருந்து அது வாங்கப்படுகிறது. ஆகவே வாங்கியவர்கள் நாம். வாங்கியவர்களுக்குக் கேட்கும் கடமை உண்டு. சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சாலையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் கேட்கிறோம். அவற்றோடு, எல்லையில் நிற்கும் நம் பிள்ளைகளின் புகார்ப் புத்தகத்தைக் கடைசியாக யார் பார்த்தார், எப்போது பார்த்தார் என்பதையும் ஒரு தடவை கேட்டு வைக்கலாம்.